நெல்டாவின் முதுகுக்கு ஒரு பை

நெல்டா ஸ்கோகன் சுட்ட மான்களையெல்லாம் மலையிலிருந்து சுமந்து இறக்கியவன் அவள் கணவன் கார்வின். கல்யாணம் ஆன முதல் வருஷத்திலிருந்தே அதுதான் அவர்கள் வீட்டு ஏற்பாடு.

மொன்டானா மலையோரத்தில் பைன் ஃபோர்க் என்ற அந்தச் சின்ன ஊரில், இலைகள் மஞ்சளாகத் தொடங்கிவிட்டால் யாருக்கும் வேலையில் மனசு நிற்காது. எல்க் மானைத் தேடி மேலே ஏறிவிடுவார்கள். குதிரை உயரத்துக்கு நிற்கும் அந்த மான் ஒன்று கிடைத்துவிட்டால், மறு வருஷம் வரைக்கும் வீட்டில் கறிக்குக் குறைவிருக்காது. ஆனால் அதைச் சுடுவது ஒரு நொடி வேலை. முதுகை ஒடிக்கிற வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகும். வண்டி போகாத மலையில் விழுந்து கிடக்கும் அத்தனை கறியையும் துண்டு போட்டு, முதுகில் ஏற்றி, கல்லும் முள்ளுமாக நடந்து கீழே கொண்டுவர வேண்டும்.

கார்வினுக்குக் குறி வராது. மூச்சை அடக்கி, ஒரு கண்ணை மூடி, நாக்கைக் கடித்துக்கொண்டு சுடுவான். எங்கோ ஒரு பைன் மரம் காயப்படும். நெல்டா அவன் மார்பளவுதான் இருப்பாள். பள்ளிக்கூடச் சமையலறையில் பெரிய அண்டாவைக் கிளற முக்காலி போட்டு ஏறி நிற்பவள். அவள் துப்பாக்கியை ஒரு மரக்கட்டைமேல் சாய்த்துக்கொண்டு, அடுப்பை அணைக்கிற மாதிரி அலட்டிக்கொள்ளாமல் விசையை இழுப்பாள். மான் விழும்.

"நீ சுடு, நான் கழுதை" என்று முதல் வருஷமே கார்வின் ஒப்புக்கொண்டுவிட்டான். அதில் அவனுக்குப் பெருமையும் இருந்தது. அலுமினியச் சட்டம் போட்ட ஒரு பழைய முதுகுப்பை அவனிடம் இருந்தது. அடிக்கு ஒரு தரம் கிறீச்சிடும். ஒரு முழுப் பின்தொடையை அதில் கட்டி ஏற்றிக்கொண்டு அவன் இறங்கி வந்தால், அவன் வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும். நெல்டா பின்னால் ஒரு சின்னப் பையில் ஈரலையும் இதயத்தையும் கத்திகளையும் போட்டுக்கொண்டு, கைகளை வீசிக்கொண்டு வருவாள்.

அந்தக் கார்வின் மார்ச் மாதத்தில் விழுந்தான். மின்கம்பங்களில் ஏறி இறங்கியே வாழ்நாளைக் கழித்தவன் ஒரு நாளும் மேலேயிருந்து விழுந்ததில்லை. குப்பைத்தொட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறைப் படியில் இறங்கும்போது, உறைபனியில் கால் வழுக்கி, இரண்டு படி உயரத்திலிருந்து விழுந்தான். முதுகெலும்பில் அறுவை நடந்தது. ஒரு வருஷத்துக்கு, ஒற்றைக் கையில் தொங்கவிடுகிற சின்னப் பால் கேனைவிடக் கனமான எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கோடை கழிந்து ஆகஸ்ட் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பான்கேக்மேல் பாகை ஊற்றிக்கொண்டே கார்வின் பேச்சை எடுத்தான்.

"இந்த வருஷம் ரோட்டோரமா ஏதாவது நின்னா சுடு. இல்லேன்னா விட்டுடு."

"ரோட்டோரமா எல்க் எதுக்கு நிக்கும்? பஸ்ஸுக்கா?"

"அப்ப யாரு சுமக்கிறது?"

"நான்தான்."

கார்வின் சிரித்தான். சிரித்ததும் முதுகு சுரீரென்று பிடித்துக்கொள்ள, மேஜையைப் பிடித்துக்கொண்டே மிச்சச் சிரிப்பையும் சிரித்து முடித்தான்.

"என்ன சிரிப்பு? நான் கழுதை ஆகக்கூடாதா?"

"தாராளமா ஆகலாம். கழுதைக்குக் கொஞ்சம் கால் வேணும், அவ்வளவுதான்."

நெல்டா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து கார் நிறுத்துமிடத்துக்குப் போனாள். ஆணியில் தொங்கிய அவனுடைய பழைய முதுகுப்பையை இறக்கினாள். நாய்த்தீவன மூட்டை ஒன்றை அதில் கட்டி, தோளில் மாட்டிக்கொண்டு தெருமுனைத் தபால்பெட்டி வரைக்கும் நடந்தாள். கார்வினின் இடுப்புக்கு அளவெடுத்த பட்டை அது. அவள் எவ்வளவு இறுக்கினாலும் வளையம் மாதிரி தளர்ந்து தொங்கியது. பட்டை பிடிக்காததால் கனம் முழுக்கத் தோளில் இறங்கியது. தோள்வார்களோ இரண்டு பக்கமும் நழுவின. திரும்பி வந்து கண்ணாடியில் பார்த்தால், தோளில் இரண்டு கோடு செக்கச்செவேலென்று.

"எப்படி இருக்கு?" என்று கேட்டான் கார்வின், கதவருகில் சாய்ந்து நின்று.

"நாய்க்குப் பசிச்சா சொல்லு. மூட்டை தபால்பெட்டிகிட்ட இருக்கு."

*

அடுத்த சனிக்கிழமை நெல்டாவும் கார்வினின் தங்கை லூயேனும் பக்கத்துப் பெரிய ஊருக்குப் போனார்கள். லூயேன் குதிரை வளர்ப்பவள். வாய் மூடாதவள். வேட்டையில் ஆர்வம் கிடையாது. ஆனால் அண்ணன் படுத்துவிட்டதால் இந்த வருஷம் நெல்டாவோடு தானும் வருவதாகச் சொல்லியிருந்தாள். அவளுக்கென்று நன்றாகப் பழகிப்போன ஒரு முதுகுப்பை ஏற்கெனவே இருந்தது.

வேட்டைச் சாமான் கடையை நடத்திய ஹாலிஸ் தாடிக்காரன், ஆறடி ஆள். நெல்டாவை அவன் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

"புரிஞ்சுது. உங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு" என்று பெண்களுக்கான பைகளில் ஆகச் சின்னதாக ஒன்றை எடுத்து வந்தான். அதில் மணல் மூட்டையைப் போட்டு அவள் முதுகில் மாட்டினான். இடுப்புப் பட்டையை இறுக்கியதும் நெல்டாவுக்கு மூச்சு முட்டியது. பட்டை இடுப்பிலேயே இல்லை. தொப்புளுக்கு மேலே, விலா எலும்பை நெரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"காலையில தின்ன முட்டை வெளிய வந்துடும் போலிருக்கு, ஹாலிஸ்."

"கனம்னா கொஞ்சம் வலிக்கத்தானே செய்யும்? போகப்போகப் பழகிடும். உங்க உயரத்துக்கு எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க."

நெல்டா பையை இறக்கி வைத்தாள். மேலேறிக் கிடந்த சட்டையைக் கீழே இழுத்துவிட்டாள். பிறகு சொன்னாள்: "நான் எந்தச் சட்டை வாங்கினாலும் அது பேண்ட்டை விட்டு மேல ஏறிக்கும். எந்தப் பேண்ட்டு வாங்கினாலும் பாதியை வெட்டித் தூரப் போடணும். இத்தனை வருஷமா இதே கதை. எனக்கு உடம்பு குட்டையில்லை, ஹாலிஸ். கால்தான் குட்டை. டேப்பை எடுங்க."

ஹாலிஸ் டேப்பை எடுத்தான். கழுத்துக்குப் பின்னால் புடைத்திருக்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரைக்கும் லூயேன் பிடித்துக்கொள்ள, அவன் அளந்தான். டேப்பைப் பார்த்தான். நெல்டாவைப் பார்த்தான். மறுபடியும் முதலிலிருந்து அளந்தான்.

"என்ன, மான் கொம்பா அளக்குறீங்க?" என்றாள் லூயேன்.

"இது... இது என்னோட அளவு" என்றான் ஹாலிஸ்.

"பொய் சொல்லாதீங்க!"

"நீங்களே பாருங்க!"

லூயேன் விடவில்லை. கடைக்கு நடுவில் கிடந்த பெஞ்சில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தாள். ஆறடி ஹாலிஸின் தலையும் நெல்டாவின் தலையும் ஒரே மட்டத்தில் நின்றன. லூயேன் பூட்ஸ் அலமாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் இரண்டு பெட்டி கீழே விழுந்தது.

"அடிப்பாவி, உக்காந்தா நீ ராட்சசிடி! எங்கண்ணன் இத்தனை வருஷமா உன்னைக் குள்ளச்சின்னு நினைச்சு ஏமாந்திருக்கான்!"

நெல்டாவுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. தன் உடம்பைப் பற்றி ஊரார் எல்லோரும் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு டேப் சரியாகச் சொல்லிவிட்டதே என்ற சந்தோஷம்.

ஹாலிஸுக்கும் இப்போது உற்சாகம் பிறந்துவிட்டது. கடைக்கு வந்த மற்றவர்களை மறந்துவிட்டு, பெரிய சட்டம் போட்ட பைகளாக இறக்கினான். முதலாவது, கார்வினுடையதைப் போலவே கிறீச்சிட்டது. "எனக்குச் சத்தம் போடறதுக்கு லூயேன் இருக்கா" என்று நெல்டா அதைத் தள்ளினாள். இரண்டாவது, யாரோ சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுப்பதுபோல மல்லாத்தியது. இன்னொன்று முதுகில் அழகாகத்தான் உட்கார்ந்தது. ஆனால் கறியைப் பைக்குள்ளே, மாற்றுத்துணியோடும் ரொட்டியோடும்தான் திணிக்க வேண்டும். கனம் பையின் அடியில் போய்த் தொங்கிவிடும் என்று அவளே அதை ஒதுக்கினாள்.

கடைசியில் ஹாலிஸ் உள்ளே போய்ச் சேறு நிறத்தில் ஒன்றைக் கொண்டுவந்தான். அதில் பை வேறு, சட்டம் வேறு. வார்களைத் தளர்த்தினால் பை சட்டத்திலிருந்து விலகி, நடுவில் ஒரு சந்து விழும். கறி மூட்டையை அந்தச் சந்தில் வைத்து இறுக்கினால், கனம் முதுகை ஒட்டிக்கொண்டு, இரண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவில் உயரமாக நிற்கும். ஹாலிஸ் அதிலிருந்த ஆண்கள் பட்டையைக் கழற்றிவிட்டு, பெண்களின் இடுப்புக்கு வளைத்துத் தைத்த பட்டையை மாட்டினான்.

நெல்டா மாட்டிக்கொண்டாள். பட்டை இடுப்பெலும்பின்மேல் போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது. 'க்ளிக்' என்று பூட்டியதும் தோள் இரண்டும் சட்டென்று லேசாயின. தோள்வாருக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் தாராளமாக நுழைந்தது.

"என்னடி, பேச்சையே காணோம்?" என்றாள் லூயேன்.

"யாரோ பின்னாலேர்ந்து தூக்கிப் பிடிச்சிருக்கிற மாதிரி இருக்கு" என்றாள் நெல்டா மெதுவாக.

ஆனாலும் அவள் அவசரப்படவில்லை. இன்னொரு மணல் மூட்டையை ஏற்றச் சொன்னாள். சேமிப்பறைக்குப் போகும் மரப்படியில் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். குனிந்தாள், பக்கவாட்டில் சாய்ந்தாள், ஒற்றைக்காலில் நின்றாள். கவுண்டருக்குப் பின்னால் நின்று ஹாலிஸ் மதியச் சாப்பாட்டையே முடித்துவிட்டான். கடைசியாக, மலையில் உட்கார்ந்தால் எழ வேண்டுமே என்று தரையில் உட்கார்ந்து பார்த்தாள். அங்கேதான் மாட்டிக்கொண்டாள். பை பின்னால் இழுக்க, மல்லாந்துபோய், புரட்டிப்போட்ட ஆமைபோலக் கைகாலை ஆட்டினாள்.

"தூக்கி விடட்டுமா?" என்று ஓடிவந்தான் ஹாலிஸ்.

"வேண்டாம்! மலையில நீங்களா வரப்போறீங்க?"

பக்கவாட்டில் உருண்டு, முழங்காலுக்கு வந்து, ஒரு காலை ஊன்றி, உறுமிக்கொண்டு எழுந்தாள். பூட்ஸ் வாங்க வந்திருந்த ஒரு கிழவர் கைதட்டினார். விலைச்சீட்டைப் பார்த்த லூயேன் விசிலடித்தாள். நெல்டா அந்தப் பக்கமே திரும்பவில்லை. வீடு திரும்பும்போது பை முன் இருக்கையில் பெல்ட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து வந்தது. லூயேன் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தாள்.

*

பள்ளிக்கூட ஃபுட்பால் மைதானத்தில் பார்வையாளர்கள் உட்காரும் படிவரிசைதான் பைன் ஃபோர்க்கில் ஆகச் செங்குத்தான இடம். சமையலறையைப் பூட்டியதும் நெல்டா லூயேனின் லாயத்திலிருந்து கொண்டுவந்த ஓட்ஸ் மூட்டையை ஏற்றிக்கொண்டு அதில் ஏறி இறங்குவாள். மைதானத்தில் பயிற்சி செய்யும் பையன்கள் முதல் நாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். போகப்போக அவள் உச்சிப்படியைத் தொடும்போதெல்லாம் கோல் போட்ட மாதிரி கூச்சல் போட ஆரம்பித்தார்கள்.

கார்வின் மடக்கு நாற்காலியும் ஃப்ளாஸ்க்கில் காப்பியுமாகக் கீழே வந்து உட்கார்ந்துகொள்வான்.

"வேகமா! சமையலறையில எலி ஓடினாகூட இதைவிட வேகமா ஓடுவியே!"

"வந்தேன்னா அந்தக் காப்பியை உன் தலையில ஊத்துவேன்!"

"முதல்ல வந்து சேரு, பாப்போம்!"

ஒரு நாள் மேலேயிருந்து இறங்கி வரும்போது கீழேயிருந்து சத்தமே இல்லை. கார்வின் காப்பியைக்கூடத் திறக்காமல் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நெல்டா மூட்டையோடு வந்து அவனுக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவனைவிட ஒரு விரற்கடைதான் தாழ்ந்திருந்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. பொண்டாட்டி மூட்டை தூக்குறா, நான் காப்பி குடிக்கிறேன். நல்லாத்தான் இருக்கு இந்தப் பொழப்பு."

"இத்தனை வருஷம் நீ தூக்கினே, நான் கையை வீசிக்கிட்டு வந்தேனே? எனக்கு ஒண்ணும் கூச்சமா இல்லையே. ரொம்ப சுகமால்ல இருந்துது!"

கார்வினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வெக்கங்கெட்டவ" என்றான்.

"அதுவும் பழகிடும். அந்த மூடியைத் திற, காப்பி குடு."

*

அக்டோபர் கடைசியில், மலைப்பாதையின் கடைக்கோடியில் கூடாரம் போட்டார்கள். கார்வின் அடுப்பையும் தொலைநோக்கியையும் பார்த்துக்கொள்வது என்று பேச்சு. லார்ச் மரங்கள் பொன்னிறமாக ஒளிர்ந்தன; இரண்டாம் நாள் வெளுக்கும்போது தரையெல்லாம் உறைபனி மொறுமொறுத்தது. நெல்டாவும் லூயேனும் மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படும்படி ஆரஞ்சு நிற அங்கி மாட்டிக்கொண்டு, பழைய காட்டுத்தீயில் எரிந்து விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி மேலே ஏறினார்கள். காலிப் பையோடு அது ஒரு சிரமமாகவே தெரியவில்லை.

மலைமடிப்பில் கிண்ணம்போலக் குழிந்திருந்த புல்வெளியில் ஆண் எல்க் ஒன்று தனியாக மேய்ந்துகொண்டிருந்தது. தலையைத் தூக்கும்போதெல்லாம் கொம்பு முதுகுவரை சாய்ந்தது. நெல்டா ஒரு பாறைமேல் தொப்பியை மடித்துவைத்து, அதன்மேல் துப்பாக்கியைச் சாய்த்தாள். லூயேன் பிறந்த நாளிலிருந்து முதல் தடவையாகப் பேசாமல் இருந்தாள். வெடிச்சத்தம் மலைகளில் முட்டி அடங்குவதற்குள் மான் நாலடி வைத்து, மடங்கி, புல்லில் சாய்ந்தது.

கிட்டே போனதும் நெல்டா முழங்காலிட்டு அதன் கழுத்தில் கையை வைத்தாள். ரோமம் இன்னும் சூடாக இருந்தது. எப்போதும்போல வாய்க்குள்ளேயே நன்றி சொன்னாள்.

லூயேன் மானைச் சுற்றி வந்தாள். "ஏண்டி, தூரத்துலேர்ந்து பாக்கும்போது சின்னதா இருந்துதே. இது என் பாதிக் குதிரை இருக்கு!"

"கத்தியை எடு."

தோலுரித்து, நான்கு கால்களையும் பிரித்து, முதுகுச்சதையை வழித்தெடுத்து, எல்லாவற்றையும் துணிப்பைகளில் போட்டு நிழலான ஒரு மரத்தில் கரடிக்கு எட்டாத உயரத்தில் ஏற்றிக் கட்டுவதற்குள் உச்சிவெயில் வந்துவிட்டது. ஒரு பின்தொடையை மட்டும் கீழே வைத்துக்கொண்டாள் நெல்டா. பையை விலக்கி, சந்தில் தொடையை நிறுத்தி, வார்களை இறுக்கினாள். லூயேன் ஒரு முன்கால்தொடையை ஏற்றிக்கொண்டாள். நெல்டா உட்கார்ந்து மாட்டி, உருண்டு, முழங்காலுக்கு வந்து எழுந்தாள். கடையில் போட்ட அத்தனை கூத்தும் இப்போது ஒரே மூச்சில் முடிந்தது.

புல்வெளியைத் தாண்டும்வரை கனம் இருப்பதே மறந்துபோயிற்று. எரிந்த மரங்களுக்கு வந்ததும்தான் சங்கடம். நீண்ட உடம்பு பையைச் சுமந்தது சரி. குட்டைக் காலை என்ன செய்வது? காலையில் தாவிய மரங்கள் இப்போது மதில்கள் ஆகிவிட்டன. ஒவ்வொன்றிலும் வயிற்றைச் சாய்த்து ஒரு காலை அந்தப் பக்கம் எறிய வேண்டியிருந்தது. பருத்த மரம் ஒன்றில் ஒரு கால் அந்தப்புறம் போய்விட்டது, இன்னொரு கால் இந்தப்புறம் தொங்கியது. இரண்டுமே தரையைத் தொடவில்லை. மரத்தின்மேல் குதிரையேறினவள் மாதிரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"லூயேன், பிடிடி!"

லூயேன் பிடிக்க வந்தாள். ஆனால் அந்தக் காட்சியைக் கிட்டத்தில் பார்த்ததும் கையில் பலம் போய்விட்டது. மூட்டையோடு அப்படியே கீழே சரிந்து உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"சிரிக்காதேடி. எனக்குச் சிரிப்பு வந்தா விழுந்துடுவேன்!"

அப்போது சரிவின் மேல்பக்கத்திலிருந்து ஒரு விசில் கேட்டது. பார்த்தால் கார்வின். ஆரஞ்சுத் தொப்பி, இரண்டு கையிலும் ஊன்றுகோல், முதுகில் ஒன்றுமில்லை.

"அங்கேயே குதிரை ஓட்டிக்கிட்டு இருக்கப்போறியா, இல்ல கீழ வர்ற எண்ணம் உண்டா?"

"நீ எப்படி இங்க வந்தே? உன்னைக் கூடாரத்துல இருக்கச் சொன்னா!"

"நடக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லலையே. கீழேர்ந்து தொலைநோக்கியில பாத்தேன். இந்தப் பாறை ஓரமா மானுங்க நடந்து நடந்து ஒரு தடம் போட்டு வெச்சிருக்கு. ஒரு மரம்கூடக் குறுக்கே இல்ல, நேரா கூடாரத்துக்கு வந்துடுது. நீங்க ரெண்டு பேரும் தேடித் தேடி விறகுக்கடைக்குள்ள பூந்திருக்கீங்க."

லூயேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நெல்டாவை இறக்கிவிட்டாள். மூவரும் பாறையோரத் தடத்துக்கு ஏறினார்கள். கார்வின் சொன்னது சரிதான். தடம் அகலமாக, மெத்தென்று, சின்னக் காலுக்கும் தோதாக இருந்தது. பழக்கதோஷத்தில் அவன் கை நெல்டாவின் பையை வாங்க நீண்டது.

"தொடாதே! பால் கேன்!"

"சரி, இதயத்தைக் குடு. அது பால் கேனைவிட லேசு."

நெல்டா யோசித்தாள். பிறகு பக்கப் பையிலிருந்து துணியில் சுற்றிய இதயத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்து வந்தான். கொஞ்ச தூரம் போனதும், "நில்லு" என்றான். அவள் தோளுக்கு மேலே சட்டத்தின் உச்சியிலிருந்து வரும் இரண்டு சின்ன வார்களும் தளர்ந்து கிடந்தன. அவசரத்தில் நெல்டா மறந்திருந்தாள். அவன் இரண்டையும் ஒருசேர இழுத்துவிட்டான். பின்னால் சாய்ந்திருந்த கனம் முன்னால் வந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"இப்ப எப்படி இருக்கு?"

"இப்ப நான் பாட்டே பாடுவேன்."

"ஐயோ வேண்டாம்" என்றாள் லூயேன்.

ஆனால் பாடினாள். சர்ச்சில் பாடுகிற பாட்டை, சுருதி எங்கேயோ கிடக்க, அடி வைப்பதற்கு ஏற்றமாதிரி நீட்டிக் குறுக்கிப் பாடிக்கொண்டே இறங்கினாள். இனி இந்த மலையில் எந்தக் கரடியும் தங்காது என்றான் கார்வின். இருவர் முதுகிலும் கறி, ஒருவன் நெஞ்சில் இதயம் என்று மூன்றுபேரும் கூடாரத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் மலைமேல் இருந்தது.

மறுநாள் அதே தடத்தில் போய்வந்து மிச்சத்தையும் இறக்கினார்கள். கடைசி நடையில் நெல்டாவின் பைக்கு மேலே கொம்பு கட்டியிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு குட்டையான எல்க் மானே இரண்டு காலில் நடந்து வருவதுபோலத் தெரிந்தது. கார்வின் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு வந்து இடுப்புப் பட்டையைக் கழற்றப் போனான்.

"இரு" என்றாள் நெல்டா.

கூடாரத்தைச் சுற்றி ஒரு வலம் வந்தாள், ஒரு காரணமும் இல்லாமல், சும்மா. பிறகு இன்னொரு வலம். லூயேன் தலையில் அடித்துக்கொண்டாள். அதன் பிறகே நெல்டா பட்டையைத் திறந்தாள். இடுப்பில் லேசாகச் சிவந்திருந்தது. தோளில் ஒரு கோடுகூட இல்லை. அன்று கார்வின் உள்முதுகுச் சதையை விரல் கனத்துக்கு வெட்டி, வெண்ணெயும் வெங்காயமும் போட்டு வார்ப்பிரும்புச் சட்டியில் வாட்டினான். தட்டுக்கு வர விடாமல் மூவரும் சட்டியிலிருந்தே எடுத்துத் தின்றார்கள்.

*

அடுத்த வாரம் ஸ்கோகன் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் தெருவே கூடிவிட்டது. நீள மேஜையில் கறி வெட்டுகிறவர்கள் ஒரு பக்கம், காகிதத்தில் சுற்றிப் பேர் எழுதுகிறவர்கள் ஒரு பக்கம். கார்வின் நாற்காலியில் உட்கார்ந்து கொத்துக்கறி இயந்திரத்தைச் சுற்றினான். முதுகுக்குப் பங்கம் வராத வேலை. கொத்துக்கறி வேலையில் இவ்வளவு அதிகாரம் பண்ணின ஆளை யாரும் பார்த்ததில்லை.

ஃபுட்பால் மைதானத்துக் கதை ஊருக்கே தெரியும். கடைக்கதையை லூயேன் ஒருத்தர் விடாமல் எல்லோருக்கும் சொல்லியிருந்தாள், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டி. நூலகத்தில் வேலை பார்க்கும் பியர்ல் கறிக்காகிதத்தை மடித்துக்கொண்டே நெல்டாவிடம் நெருங்கினாள். பியர்ல் ஒட்டகச்சிவிங்கி மாதிரி உயரம்.

"நெல்டா, கேட்டா சிரிக்கக்கூடாது. நான் வெச்சிருக்கிற பை பெரிசுலயே பெரிசு. உயரத்துக்கு ஏத்த மாதிரின்னு சொல்லிக் குடுத்தாங்க. ஆனா ஒவ்வொரு வருஷமும் பட்டை தொடையில இடிக்குது. நடக்கவே முடியலை."

நெல்டா கையைத் துடைத்துக்கொண்டு, தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்து வந்தாள். பியர்லைத் திரும்பி நிற்கச் சொன்னாள். கழுத்தெலும்பு எட்டாமல் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறினாள். இரண்டு தடவை அளந்தாள். பிறகு வாளியிலிருந்து இறங்கி, வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு டேப்பைக் காட்டினாள்.

"உனக்கு எல்லாமே கால்தான், பியர்ல். உடம்புன்னு ஒண்ணு பேருக்குத்தான் இருக்கு. ஹாலிஸ் கடையில எனக்கு மாட்டி மூச்சு முட்ட வெச்சானே ஒரு சின்னப் பை, அது உனக்காகவே தெச்சது."

"அந்தக் குட்டிப் பையா? எனக்கா?"

"போய் மாட்டிப் பாரு. அவசரப்பட்டு வாங்கிடாதே. படியெல்லாம் ஏறி இறங்கு, தரையில உக்காந்து எழுந்திரு. ஹாலிஸ் சாப்பிட்டு முடிக்கட்டும்."

மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து இன்னொருத்தி, கையில் கத்தியோடு, "எனக்கும் அளந்து சொல்லேன்" என்றாள். அவளுக்குப் பின்னால் அவள் புருஷனும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். கார்வின் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "இங்க கறி வெட்ட யாராவது வந்திருக்கீங்களா, இல்ல எல்லாருமே முதுகைக் காட்டத்தானா?" என்று கத்தினான். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நெல்டா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாளியைக் காலால் அடுத்தவள் பக்கம் நகர்த்தினாள்.